கொட்ட வேண்டிய தண்ணீர்

வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், நான்கு மணி நேரம் என் இடது கை எனக்குச் சொந்தமில்லை. அது டயாலிசிஸ் மெஷினோடு போய்விடும். வலது கை சும்மா கிடக்கிறது. சுவரில் ஓடும் டிவி சீரியலைப் பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை. அதனால் ஒரு நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து எழுத ஆரம்பித்தேன். என் மகள் ஷாஹினா மட்டாஞ்சேரியில் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. ஆகவே எங்கள் வீட்டில் இதைப் படிக்கக்கூடியவர் ஒருவர்தான், என் கணவர். அவர் படித்தாலும் பரவாயில்லை என்று தோன்ற எனக்கு ஐந்து மாதம் ஆனது.

என் பெயர் ஜமீலா. வயது ஐம்பத்தொன்று. சர்க்கரையும் பிரஷரும் பத்து வருஷமாக என்னோடு குடியிருக்கின்றன, வாடகை கொடுக்காத குடித்தனக்காரர்கள். என் கணவர் காதர் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் மட்டாஞ்சேரிக்கு வந்தவர். அன்றிலிருந்து மிளகுக் கிடங்கில்தான் வேலை. ஒரு கைப்பிடி மிளகை முகர்ந்து பார்த்தே எந்த மலையில் விளைந்தது என்று சொல்வார். ஆனால் இருபத்தாறு வருஷக் குடும்ப வாழ்க்கையில் அடுப்படிக்குள் வந்து ஒரு சாயா போட்டதில்லை. அதை நான் குறையாகச் சொன்னதும் இல்லை, சொல்லாமல் விட்டதும் இல்லை.

போன வருஷம் மழை முடிகிற சமயத்தில் என் பாதம் வீங்க ஆரம்பித்தது. செருப்பைக் கழற்றினால் வாரின் தடம் ஒரு மணி நேரம் அப்படியே பள்ளமாக இருக்கும். ஷாஹினா திருப்பூணித்துறையில் வேலை பார்க்கிறாள், அங்கேதான் குடியும். ஞாயிற்றுக்கிழமை வந்தவள் என் காலைப் பார்த்துவிட்டு, மறுநாளே லீவு போட்டு எறணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள், வயிற்றில் பசை தடவி ஸ்கேன் பார்த்தார்கள். கடைசியில் சிறுநீரக டாக்டர் என்னை உட்காரவைத்து கிரியாட்டினின் நான்கு என்றார். முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான பெண், தூக்கம் போதாத கண்கள்.

கிரியாட்டினின் என்பது தசைகள் தினமும் வெளியே தள்ளும் குப்பை. சிறுநீரகம் அதை வாரி வெளியே போட வேண்டும். வாராவிட்டால் ரத்தத்திலேயே தங்கும். ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது எனக்கு நான்கு. சர்க்கரை என் சிறுநீரகங்களைப் பல வருஷமாக அரித்திருக்கிறது, எனக்கு வலிக்கவே இல்லை. இப்போதைக்கு டயாலிசிஸ் வேண்டாம், சாப்பாட்டில் கவனமாக இருந்தால் கொஞ்ச காலம் இப்படியே ஓட்டலாம் என்றார். எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயம்.

சாப்பாட்டுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். மலையாளத்தில் இருந்தது. உப்பு, இளநீர், வாழைப்பழம் எல்லாவற்றுக்கும் தடை. கீரை ஆசைப்பட்டால் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொஞ்சமாகச் சாப்பிடலாம். ஷாஹினா இதை வாசித்து அவள் அத்தாவுக்குத் தமிழில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏன் கொட்ட வேண்டும் என்று அந்தத் தாளில் இல்லை.

அன்று மாலையே அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தண்ணியக் கொட்டிட்டு கீரையத் தின்னணுமாம். சாரம் பூரா தண்ணியிலயில்லா இறங்கியிருக்கும்? கம்பெனிக்காரன் மிளகுல எண்ணெய எடுத்துட்டு சக்கைய சாக்குல கட்டித் தள்ளுறான். மோந்து பாத்தா வாசமே இருக்காது, வெறும் உமி. அந்தச் சக்கையத்தான் உன்னைத் தின்னச் சொல்றாங்க. சாரத்த ஓடையில ஊத்தணுமாம்."

"டாக்டர் படிச்சவங்க மச்சான்."

"படிப்பு வேற, சரக்கு வேற. இது எனக்குத் தெரிஞ்ச கணக்கு."

அவர் தேர்ந்தெடுத்த கீரை மூக்கிரட்டை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாரும் விதைப்பதில்லை, அதுவாகவே மதிலோரம் தரையோடு படர்ந்து கிடக்கும். தண்டு சிவப்பு. இலை உருண்டையாக, மேலே பச்சை, அடியில் வெளிறல். பூ மிளகளவுகூட இருக்காது, ரோஸ் நிறம். காய் பிசுபிசுவென்று புடவைக் கரையில் ஒட்டி நம்மோடு வீட்டுக்கு வரும். மலையாளத்தில் தழுதாமா. இளம் இலையில் தேங்காய் போட்டுத் தோரன் வைக்கலாம், பருப்போடு கடையலாம். வயிறு இளகும், ரத்தம் ஊறும், சிறுநீர் தாராளமாகப் போகும், வீக்கம் வற்றும் என்பார்கள். வேரை வைத்தியர்கள் கஷாயத்தில் சேர்ப்பார்கள். மட்டாஞ்சேரியில் கிட்னி என்று வாயெடுத்தால் எதிரில் இருப்பவர் முதலில் சொல்வது இந்தப் பெயரைத்தான். நல்ல உடம்புக்கு அது நல்ல கீரை. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு அவர் நேராக வீட்டுக்கு வரவில்லை. பூட்டிக் கிடக்கும் ஒரு பழைய கிடங்கின் மதிலோரம் முட்டி வலியோடு குத்தவைத்து, ஒரு பிளாஸ்டிக் கவர் நிறையப் பறித்து வந்தார். எந்தப் பாத்திரம் எங்கே என்று என்னிடம் கேட்டுக் கேட்டு எடுத்தார். கேஸ் அடுப்பைப் பற்றவைக்க மூன்று தீக்குச்சி. கீரையை வேகவைத்து, வடிகட்டி, இரண்டு மிளகு தட்டிப் போட்டு, பச்சை நிறத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டினார். கையில் சுட்ட காயம். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் இந்த மனிதர் எனக்காக அடுப்பு மூட்டினார் என்று அழுதேன். நன்றாகத்தான் இருந்தது, மண்வாசனையோடு ஒரு ரசம் மாதிரி. இரண்டு மாதம் தினமும் குடித்தேன்.

ஒரு புதன்கிழமை காலையில் கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. வலி இல்லை. கால் இரண்டும் ஈரச் சாக்கு மாதிரி கனத்தன. நெஞ்சு ஒரு முறை துடித்துவிட்டு அடுத்ததற்கு யோசித்தது. காதர் என்னை ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனார். தோப்பும்படிப் பாலம் வந்தது தெரியும். தேவரா தாண்டியது தெரியாது.

பொட்டாசியம் ஏழுக்கு மேல் என்றார்கள். வாழைப்பழத்திலும் இளநீரிலும் கீரையிலும் இருக்கும் ஒரு உப்பு அது. ஐந்து வரை இருக்கலாம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது வெளியே போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும், ஏறினால் இதயத்தை நிறுத்திவிடும். இதயத்தைக் காக்க நரம்பில் கால்சியம் ஊசி போட்டார்கள். அப்புறம் சர்க்கரை நீரும் இன்சுலினும். கழுத்தில் ஊசியால் மரக்கவைத்து ஒரு குழாயை இறக்கி மெஷினில் மாட்டினார்கள். உடம்பின் ரத்தம் குழாய் வழியே வெளியே போய், வடிகட்டப்பட்டு, திரும்பி வந்தது. எனக்குக் குளிரில் பல் கிட்டியது. காதர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

சாயங்காலம் டாக்டர் வந்து கேட்டார். "ஜமீலா, பழம் சாப்பிட்டீங்களா? இளநீர்? நாட்டு மருந்து ஏதாவது?"

காதர் என் தலைமாட்டில் நின்றிருந்தார். நான் இல்லை என்றேன். பொய் என்று நினைத்துச் சொல்லவில்லை. நாட்டு மருந்து என்றால் புட்டியில் வரும் கஷாயம், இது கீரைத் தண்ணீர்தானே என்றுதான் நினைத்தேன். அப்படி என் மனசை நானே சமாதானம் செய்தேன் என்பதும் உண்மை.

பொட்டாசியம் இறங்கியது. என்னை டயாலிசிஸ் அறைக்கு அடுத்த வார்டில் போட்டார்கள். மறுநாள் காலையிலிருந்து காதர் அந்தக் கீரைத் தண்ணீரை ஃபிளாஸ்கில் கொண்டுவர ஆரம்பித்தார். மட்டாஞ்சேரியில் பறித்து, வேகவைத்து, பஸ் பிடித்து, ஏழு மணிக்குள் வந்துவிடுவார். நான் குடித்தேன். பொட்டாசியம் மறுபடி ஏறியது. மெஷின் இறக்கியது, மறுநாள் மறுபடி ஏறியது. டாக்டர் தாளைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைச் சோதிக்கச் சொன்னார். குடலில் ரத்தம் கசிகிறதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் எழுதினார்.

டயாலிசிஸ் அறையில் என் பக்கத்துப் படுக்கை லீலா சேச்சியுடையது. தேவராக்காரர், என்னைவிட நான்கு வயது பெரியவர். மூன்று வருஷமாகத் திங்களும் வியாழனும் வந்து போகிறவர். அவர் பேசியது மலையாளம், நான் தமிழில் எழுதுகிறேன். மெஷினில் மாட்டுவதற்காகத் தன் கையில் நரம்புகளை இணைத்துத் தைத்த இடத்தில் என் விரலை எடுத்து வைத்து, "தொட்டுப் பாரு, உள்ளே வண்டு பறக்கும்" என்றார். நிஜமாகவே ரீங்காரமிட்டது. வலிக்குமா என்றேன். "வலி பழகிடும். வெளியே உக்காந்திருக்கிறவங்களைப் பாத்தாத்தான் பாவமா இருக்கும்." வெளியே உட்கார்ந்திருப்பவர் அவர் கணவர் சசி சேட்டன். லீலா சேச்சி தனக்குக் கொண்டுவரும் இரண்டு பிஸ்கட்டில் ஒன்றை எனக்கு வைப்பார். முதல் வாரத்தில் நான் அழாமல் இருந்ததற்கு அந்தப் பிஸ்கட்டும் ஒரு காரணம்.

ஒரு திங்கட்கிழமை மருந்து வாங்க காதர் கீழே போயிருந்தபோது டாக்டர் என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"எனக்குப் புரியலை ஜமீலா. வெளியிலிருந்து ஏதோ உள்ளே போகுது. கீரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"

"கீரை தொடுறதில்லை."

"வேகவெச்சுத் தண்ணியக் கொட்டணும், தெரியும்ல? பொட்டாசியம் பூரா அந்தத் தண்ணியிலதான் இறங்கும். தழுதாமா மாதிரிக் கீரைன்னா ரொம்ப அதிகம்."

அவர் போன பிறகு நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் கணவரின் கணக்கு சரியாகவே இருந்தது. சாரம் தண்ணீரில்தான் இறங்குகிறது. அது என்னைக் கொல்லும் சாரம் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

மருந்தோடு வந்தவர் ஃபிளாஸ்க் மூடியில் தண்ணீரை ஊற்றி நீட்டினார். சூடாக இருக்கிறது, ஆறட்டும் என்றேன். அவர் தலை மறைந்ததும் கழுவுகிற தொட்டியில் ஊற்றினேன். பச்சைத் தண்ணீர் சுழன்று இறங்கியது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தக் கையில் இன்னும் சுட்ட தழும்பு இருந்தது. நீங்கள் கொடுத்ததுதான் என்னைப் படுக்கவைத்தது என்று அந்தக் கையிடம் எப்படிச் சொல்வது? வீட்டுக்குப் போய் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். செவ்வாயும் கொட்டினேன், புதனும் கொட்டினேன்.

பொட்டாசியம் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நின்றது. டாக்டர் முதல் முறையாகச் சிரித்தார். காதரின் முகத்தை நான் அவ்வளவு பிரகாசமாகப் பார்த்ததில்லை, ஷாஹினா பிறந்த அன்றுகூட.

"பாத்தியா? நம்ம கீரைதான் இறக்கிருக்கு. மெஷின் என்ன பண்ணுச்சு, ஏத்தி ஏத்தி இறக்குச்சு. நின்னது இதுலதான்."

நான் சரி என்றேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை மெஷினில் படுத்திருந்தபோது கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். காத்திருக்கும் ஹாலில் காதர் சசி சேட்டனிடம் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். கையால் வடிகட்டுவது போலக் காட்டினார். பிறகு ஒரு பிளாஸ்டிக் கவர் கை மாறியது. உள்ளே பச்சையாகத் தெரிந்தது.

சாயங்காலம் கேட்டேன். "அவருக்கு என்ன குடுத்தீங்க?"

"நாலு நாளைக்கு வேண்டிய கீரை. பாவம், மூணு வருஷமா அந்தப் பொம்பள கஷ்டப்படுது. எப்படி வேவிக்கணும்னு சொல்லிக் குடுத்தேன். அந்தாளு என் கையப் பிடிச்சுட்டாரு."

வாயைத் திறந்தேன். அவர் சந்தோஷமாக இருந்தார். நான் மூடிக்கொண்டேன். லீலா சேச்சி புத்திசாலி, மூன்று வருஷமாக இதில் ஊறியவர், குடிக்க மாட்டார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை பக்கத்துப் படுக்கைக்கு வருவார், காதோடு சொல்லிவிடலாம், நடுவில் மூன்று நாள்தானே என்று நினைத்தேன். சசி சேட்டனின் நம்பரைக் கேட்டு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. நான் செய்தது இதுதான், வேறு வார்த்தையில் எழுத எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை லீலா சேச்சி நடந்து வரவில்லை. சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். முகம் சாம்பல் நிறம். பாதத்தை நாற்காலியின் கால்பலகையிலிருந்து எடுக்கச் சொன்னால் எடுக்க முடியவில்லை. அப்படிக் கனத்த கால்கள் எனக்குத் தெரியும். என் கழுத்தில் குழாய் மாட்டியிருந்தது, எழ முடியாது. நர்ஸைக் கூப்பிட்டு டாக்டரை வரச் சொன்னேன். அவர் வந்ததும், கதவருகே ஃபிளாஸ்கோடு என் கணவர் நிற்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அவங்களுக்குப் பொட்டாசியம் பாருங்க. தழுதாமாவ வேகவெச்ச தண்ணி குடிச்சிருப்பாங்க. நானும் அதைத்தான் குடிச்சேன். ரெண்டு மாசமா."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. திரும்பி ஓடினார். கால்சியம், இன்சுலின் என்று குரல்கள் கேட்டன, திரை இழுக்கப்பட்டது. கொஞ்ச நேரத்தில் லீலா சேச்சியை ஐசியூவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் படுக்கையில் காகிதத்தில் மடித்த இரண்டு பிஸ்கட் இருந்தது.

என் நான்கு மணி நேரம் முடிந்து வெளியே வந்தபோது காதர் ஹாலின் கடைசி நாற்காலியில், ஃபிளாஸ்க்கை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இங்க கொண்டுவந்தத நீ குடிச்சியா, கொட்டுனியா?" என்று கேட்டார்.

"போன திங்கள்லேருந்து கொட்டிட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

"குடிச்சேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல ஜமீலா" என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன்.

லீலா சேச்சி புதன்கிழமை மத்தியானம் இறந்துபோனார். பல நாள் கழித்து, அந்தக் கீரைத் தண்ணீரால்தானா என்று டாக்டரிடம் நேராகக் கேட்டேன். "அவங்க இதயம் முன்னாடியே பலவீனம். வியாழன்லேருந்து திங்கள் வரைக்கும் உள்ள இடைவெளி எப்பவும் ஆபத்தானது. அதனாலதான்னும் சொல்ல முடியாது, அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். நடுவில் ஒரு இடம் எனக்கு ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். அதில்தான் இருக்கிறேன்.

ஏழாம் நாள் காதர் சசி சேட்டனைப் பார்க்கத் தேவராவுக்குப் போனார். நான் வர வேண்டாம் என்றார். போய் மூன்று மணி நேரம் கழித்து வந்தார். என்ன சொன்னீர்கள், அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். கால் கழுவிவிட்டுப் படுத்துக்கொண்டார். இன்றுவரை சொல்லவில்லை. ஷாஹினாவுக்குக் கீரை விஷயம் தெரியும், அந்தப் பிளாஸ்டிக் கவர் விஷயம் தெரியாது.

என் சிறுநீரகம் திரும்பி வரவில்லை. எப்படியும் இங்கேதான் வந்திருப்பேன், ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ முன்னால் வந்துவிட்டேன், அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னார். கழுத்துக் குழாயை எடுத்துவிட்டு இடது கையில் நரம்பை இணைத்திருக்கிறார்கள். விரலை வைத்தால் வண்டு பறக்கிறது. பக்கத்துப் படுக்கைக்கு ஒரு இளம் பெண் வருகிறாள். முதல் நாளே அவளிடம், யார் எதைக் கொடுத்தாலும், யார் மனசு நொந்தாலும், டாக்டரிடம் சொல்லிவிடு என்று சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கிடங்கின் மதிலோரம் மூக்கிரட்டை இப்போதும் படர்ந்து கிடக்கிறது. யார் யாரோ பறித்துப் போகிறார்கள், அவர்கள் சாப்பிடட்டும், அவர்களுக்கு நல்லது. காதர் அந்தத் தெருவை விட்டு, சுற்றிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போகிறார்.

ஆனால் அடுப்படியை அவர் விடவில்லை. நான் நிற்க முடியாத நாட்களில் அவர்தான் சமைக்கிறார். எனக்குக் காய் வேகவைத்தால், சட்டியோடு நான் படுத்திருக்கும் இடத்துக்கு வருவார். என் கண்ணெதிரே, முற்றத்து ஓடையில் தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் கொட்டுவார். பிறகு காலிச் சட்டியை என் பக்கம் சாய்த்துக் காட்டுவார். பார்த்தேன் என்று நான் வாயைத் திறந்து சொல்லும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்பார்.